விறகுக்கு ஆச்சு என்று சொன்ன அப்பத்தாவுக்கு

ஊர்ச் சனங்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து அந்த நாலு நாளும் தூங்காமல் போன் பண்ணிக்கொண்டே இருந்த நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பாம்பு கடித்து ஆஸ்பத்திரியில் கிடந்த நம் ஊர்த் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்றுச் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான், பக்கத்தில் இருந்து பார்த்தேன். கால் வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை. சிறுநீரகப் பரிசோதனைக்கு அடுத்த வாரமும் போக வேண்டும். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை கெட்டுவிடும். அதைத் தெரிந்துகொள்ள, கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். முதல் குழாயைச் சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. மருந்து ஏற்றிய பிறகு, விடிகிற நேரத்தில் செவிலியர் அக்கா வெளியே வந்து, "உறைஞ்சிருச்சுங்க" என்றார். வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் அழுதோம். அந்த அக்காவுக்கும், இரவு முழுக்கக் கட்டிலை விட்டு நகராத மருத்துவருக்கும், 108 வண்டியில் வந்தவர்களுக்கும், கடிவாயைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ யாரையும் விடாமல் காலை அசைக்காமல் பிடித்துக்கொண்ட மாமாவுக்கும், செலவுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கும், ஆடுமாடுகளைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குறுங்காட்டுக் குழு சார்பாகக் கைகூப்பி நன்றி.

இனி நான் எழுத வந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி கலையரங்கத்தில் கூட்டம் நடந்தது. பாம்பு வரக் காரணம் என்று, எங்கள் குழு நட்டு வளர்த்த ஊரணிக் காட்டைக் காலையில் ஜேசிபி வைத்து மொத்தமாக வழித்துவிடுவது என்று முடிவானது. அன்று சத்தம் போட்டவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளை ஐசியூவில் கிடக்கும்போது மரம் யாருக்கு வேண்டும்? நான் வாயே திறக்கவில்லை. அவர்களுக்குப் பயந்து அல்ல, குற்ற உணர்ச்சியில்.

2018 நவம்பரில் கஜா புயல் ஊரணிக் கரை மரங்களைச் சாய்த்துப் போட்டது. வெட்டவெளியான இடத்தில் சீமைக்கருவை மண்டியது. அதைப் பிடுங்கிவிட்டு, நம் கோயில்காட்டில் நிற்கிற மரங்களாகத் தேடித் தேடி நட்டோம். காசான், வீரை, உலக்கைப் பாலை, இலுப்பை, நாவல். செம்போத்து வந்தது, கௌதாரி வந்தது, கீரி வந்தது. ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் பெருமையாக உங்களுக்கு அனுப்பினேன். ஆனால் இந்த வருசம் கீழ்க்கரையில் பிடுங்கிய கருவை முள்ளைப் பள்ளிக்கூடப் பாதையோரம் குவித்துவிட்டு, "அடுத்த ஞாயிறு அள்ளிடலாம்" என்று நாலு மாதம் தள்ளிப்போட்டோம். குவியலுக்கு அடியில் எலி வளை போட்டது. எலியைத் தேடி விரியன் வந்தது. தம்பி கால் வைத்தது காட்டுக்குள் இல்லை, நாங்கள் போட்ட அந்தக் குவியலின் ஓரத்தில். கூட்டத்தில் எழுந்து நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் விடிகாலையில் ஊரணிப் பக்கம் போனேன். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான். குவியலுக்கு முன்னால் யாரோ நின்றார்கள். தம்பியின் அப்பத்தா. ஆஸ்பத்திரியில் இருந்து குளித்து மாற்றிக்கொள்ள வந்தவர், வீட்டுக்குப் போகாமல் அங்கே நிற்கிறார். நீளக் கம்பால் குவியலைத் தட்டுகிறார், இரண்டு எட்டுப் பின்னால் போய்க் காத்திருக்கிறார், பிறகு தொரட்டியால் ஒரு கிளையைக் கொக்கி போட்டு வெளியே இழுத்து அரிவாளால் கழிக்கிறார். ஏற்கெனவே ஒரு கட்டு சேர்ந்திருந்தது.

ஓடிப்போய், "நீங்க ஏன் அப்பத்தா?" என்று கேட்டேன்.

"விறகுக்கு ஆச்சுப்பா. கேஸு தீந்துபோச்சு."

அந்த வாரம்தான் அவர் வீட்டு அடுப்படிக்குப் புது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தவன் நான்.

யார் குவித்தது என்று அவர் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? "குமிஞ்சு கெடந்தா எலி வரும், எலி வந்தா அதுவும் வரும். அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கிளையை இழுத்தார். கொஞ்சம் கழித்துக் கூட்டத்தில் என்ன முடிவாச்சு என்று கேட்டார். சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்தார்.

"என் பேரன் அதுக்குள்ள ஒரு நாவக்கன்னு வச்சிருக்கான். வந்து எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? அவனுக்காகன்னு சொல்லி ஒருத்தரும் வெட்டக் கூடாது."

ஏழு மணிக்குள் நாலைந்து பெண்கள் தொரட்டியோடு வந்துவிட்டார்கள். நாங்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தபோது, முள்ளுக்கு அடியில் கிடந்த வேர்க்கட்டைகளை அள்ளிப்போடும் வேலைதான் அதற்கு இருந்தது. முதல்நாள் சத்தம் போட்ட அண்ணன்தான் முன்னால் நின்று வண்டிக்கு வழி காட்டினார்.

தம்பிக்கு ஏற்றிய மருந்தைப் பற்றிப் பிறகு படித்தேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலு பாம்புகளின் நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து அந்த மருந்தைச் செய்கிறார்கள். அந்த நஞ்சில் பெரும்பங்கு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து போயிருக்கிறது. பாம்பைப் பிடித்து, மண்பானையில் வைத்திருந்து, நஞ்சை எடுத்த பிறகு கொல்லாமல் காட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது செய்தியைத் தாண்டிப் போனவன் நான். நேரில் பார்த்ததில்லை, ஐயா. உங்கள் எல்லாருக்கும் நன்றி.

இனி எங்கள் குழு செய்யப்போவது: பள்ளிக்கூடப் பாதையின் இருபுறமும் ஆறடிக்குப் புல்லைச் செதுக்கி வைப்போம். பிடுங்கும் முள் அன்றைக்கே அப்புறப்படும், இல்லையென்றால் அன்று பிடுங்குவதில்லை. மிச்சச் சோறும் குப்பையும் கரையில் கொட்டாமல் இருக்க வீடு வீடாக வந்து கேட்போம். பொழுது சாய்ந்தால் காட்டுக்குள் யாரும் போகக் கூடாது. அந்த நேரம் அவைகளுடையது. நடுவில் இருக்கும் புற்றை இடிக்க மாட்டோம். பாதைக்கு விளக்குப் போட ஊராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறோம். அதுவரை டார்ச் இல்லாத வீட்டுக்கு நாங்கள் வாங்கித் தருகிறோம்.

நேற்று இட்லி சாப்பிட்டு முடித்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி, கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதுதான். அப்பத்தா என்னைக் கைகாட்டினார். ஊற்றியது அவர்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊரணிக் கரைக்கு வாருங்கள், பூட்ஸும் கம்பும் எடுத்துக்கொண்டு. வடக்கு மூலையில் இன்னும் கொஞ்சம் முள் கிடக்கிறது. அப்பத்தா வீட்டுக்கு மூன்று கட்டு விறகு பாக்கி.