காட்சிக்கூடத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் அறிக்கை

அன்புடையீர்,

கும்பகோணத்தில் உள்ள நம் ஓவியக்கூடத்தின் கண்காட்சி அரங்கில் நடந்து வந்த வேலைகள் முடிந்துவிட்டன. செலவில் பாதிக்கு மேல் கூரைக்கும் சுவருக்கும் போயிற்று. விளக்குகளுக்கும் படம் மாட்டும் ஏற்பாட்டுக்கும் மிஞ்சியதைத்தான் ஒதுக்கினோம். ஏன் இப்படி என்று உறுப்பினர்கள் பலர் கேட்டீர்கள். ஓதம், அதாவது தரையிலிருந்து ஈரம், ஏறும் சுவரில், எவ்வளவு நல்ல விளக்கின் கீழ் மாட்டினாலும், படம் கெடும்.

கூரை பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சரங்களின் (குறுக்கு மரங்களின்) மேல் செங்கல்லைக் குத்தாக மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதித்தது. ஒழுகுகிறதென்று முன்பு ஒருமுறை தட்டோட்டின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட் வெயிலில் வெடித்தது. வெடிப்பில் இறங்கிய நீர் மேலே ஆவியாக வழியில்லாமல் காரையிலேயே தங்கியது. சுவருக்குள் பதிந்திருந்த இரண்டு சரங்களின் நுனி உளுத்தது அதனால்தான். அவற்றை மாற்றினோம். செங்கல் வரைக்கும் எல்லாவற்றையும் பெயர்த்து, செங்கல் ஜல்லி ஐந்து பங்குக்குச் சுண்ணாம்பு இரண்டு பங்கு என்று மணல் சேர்க்காமல் கலந்து, சராசரி 3 அங்குல கனத்தில் போட்டோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, கட்டை துள்ளித் திரும்பும் வரை அடித்தார்கள். இந்த அடி குறைந்தால் காரை இறுகாது, தட்டோட்டை மாற்றினாலும் பயனில்லை. ஓடு பதித்த பின் வடிகாலை அடைத்து, 48 மணி நேரம் நீர் தேக்கிப் பார்த்தோம். கசிவு இல்லை.

சுவரில் தரையிலிருந்து நான்கு அடி வரை சிமெண்ட் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. கீழிருந்து ஏறும் ஈரத்தைச் சிமெண்ட் வெளியே விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறும். அதைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து வெள்ளையடித்திருக்கிறோம். ஈரம் இனியும் ஏறும், ஆனால் வழியிலேயே உலரும். எனவே படம் எதையும் சுவரில் நேராக மாட்டவில்லை. மரச்சட்டத்தில் 12 மி.மீ. மரைன் ப்ளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) அறைந்த பலகைகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தியிருக்கிறோம். மேலும் கீழும் திறப்பு உண்டு. காற்று ஓடும்; கரையான் மண் ஏறினால் டார்ச் அடித்துப் பார்க்கலாம். ப்ளைவுட்டின் பசை வெளிவிடும் ஆவி நிறத்தையும் தாளையும் கெடுக்கும் என்பதால், ப்ரைமரும் எமல்ஷனும் அடித்து நான்கு வாரம் காலியாக விட்டோம். திறப்பு விழா தள்ளிப்போனது இதனால்தான்.

ஒரே ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடும் பழக்கம் இனி வேண்டாம். படம் சாயும், கயிறு ஒரு நாள் அறும். சட்டத்தின் இரு பக்கமும் வளையம், இரண்டு கொக்கி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்கட்டும். தஞ்சாவூர் ஓவியம் பலகையும் கண்ணாடியுமாகக் கனமானது. 45 பாகையில் சாய்த்து அறுத்த இரண்டு ரீப்பர்களில் (மரப்பட்டிகளில்) ஒன்றை நம் ப்ளைவுட் பலகையிலும் மற்றதைப் படத்தின் பின்னாலும் திருகி, ஒன்றின் மேல் ஒன்று உட்காரவைக்க வேண்டும்.

ஏ.சி. கேட்டவர்களுக்கு: பகலில் ஓட்டி இரவில் நிறுத்தும் ஏ.சி., இல்லாததைவிடக் கெடுதல். ஈரப்பதம் ஏறி இறங்க, தஞ்சாவூர் ஓவியத்தின் பலகை விரிந்து சுருங்கும்; அதன் மேலுள்ள சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த பூச்சு கூடவே அசையாமல் வெடிக்கும்; தங்கரேக்கு எழும்பும். இரவு பகலாக ஓட்ட நம்மால் முடியாது. மின்விசிறி, வெளியேற்று விசிறி, ஈரப்பதமானி ஆகியவை வைத்திருக்கிறோம். மானி 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்கு வாய்ப்பு. ஆகவே கருப்பூர் கலம்காரி (துணி ஓவியம்), நீர்வண்ணம், புகைப்படக் கண்காட்சிகளைத் தை முதல் பங்குனி வரை வைத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் சுவாமிமலை உலோகச் சிற்பங்களும் சுடுமண் வேலைகளும் போதும்.

விளக்குகள் தண்டவாளத்தில் நகரும் எல்.இ.டி.; ஒளியின் நிறம் 3000 கெல்வின் (இளமஞ்சள் சாயல்), நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் நூற்றுக்கு 90க்கு மேல். மேலிருந்து 30 பாகைச் சாய்வில் விழும்படி திருப்பினால் கண்ணாடியில் பளபளப்பு குறையும். படத்தின் மேல் விழும் ஒளியின் அளவு (லக்ஸ்) துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ். 50 லக்ஸ் மங்கலாகத் தெரிந்தாலும் ஏற்றாதீர்கள். ஒளியில் வெளுத்த நிறம் திரும்பி வராது. கலம்காரியின் செடிச்சாயம் சீக்கிரமே வெளுக்கும். மேற்குச் சன்னல்களை அடைத்துவிட்டோம்.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளுடன் அலுவலக அறையில் இருக்கிறது. எந்த உறுப்பினரும் பார்க்கலாம். புரட்டாசி முடிவதற்குள் ஆண்டுதோறும் கூரை வடிகுழாய்களில் அரசிலையும் சருகும் அள்ள வேண்டும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். இந்த ஆண்டு அதைப் பொறுப்பேற்க இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

செயற்குழு