எத்தனை மெகாவாட் உள்ள போச்சுன்னும் எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க,

அணுக்கரு இணைவு பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய கொழிஞ்சாம்பாறைல எங்க டியூஷன் பசங்களுக்கு படிச்சுக் காட்டுனேன், நல்லா புரியற மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு இடத்துல மட்டும் மனசு ஒப்பலைங்க. ரேடியோ அலைய விட்டு பிளாஸ்மாவ (அயனியும் எலக்ட்ரானுமா பிரிஞ்ச சூடான வாயு) சூடாக்குறாங்கன்னு ஒத்த வரில முடிச்சுட்டாங்க, ஆனா விட்ட அலை நடுவுல போய் சேருதாங்கறதுதானே பெரும்பாடே.

அமெரிக்காவுல பிரின்ஸ்டன் ஆய்வகத்துல என்எஸ்டிஎக்ஸ்னு ஒரு டோகாமாக், அதாவது பிளாஸ்மாவ காந்தப் புலத்தால புடிச்சு வெக்கற வளையக் கலம். கரண்ட் ஓடற 12 உலோகப் பட்டை வச்ச ஆன்டெனா, 30 மெகாஹெர்ட்ஸ், 6 மெகாவாட் வரைக்கும் அனுப்பலாம். சில சமயம் அதுல 60 சதவீதம் வரைக்கும் நடு பிளாஸ்மாவுக்கு போகாம ஓரத்துலயே காலியாச்சுங்க. கேமரால பாத்தா மேலயும் கீழயும் இருக்கற டைவர்ட்டர் தட்டுல (ஓரத்து பிளாஸ்மா வந்து இறங்கற தட்டு) பளிச்சுன்னு சுருள் சுருளா வெளிச்சம், சூடெல்லாம் அங்க போய் இறங்குது. சரி, ஆன்டெனா ஒட்டுன எடத்துலதான் நஷ்டம்னு பாத்தா அதுவும் இல்ல, காந்தக் கோடு எங்கெங்க போகுதுன்னு கணக்குப் போட்டப்ப ஆன்டெனாவுக்கும் பிளாஸ்மா விளிம்புக்கும் நடுவுல இருக்கற எடம் பூராவும் பவர் ஒழுகிட்டு இருந்துச்சு, ஆராய்ச்சி பண்ணவங்க 2012ல இத எழுதுனாங்க.

காரணம் அந்த ஓரத்துல இருக்கற மெல்லிசு பிளாஸ்மாவோட அடர்த்தி. ஒரு அளவுக்கு கீழ இருந்தா அலை அங்க ஓடாது, தேஞ்சு தேஞ்சு அந்தப் பக்கம் அடர்த்தியான எடத்த தொட்டதும் உள்ள ஓடிரும். ஆன்டெனா வாசல்லயே அந்த அளவ தாண்டிட்டா அலை ஓரத்துலயே ஓட ஆரம்பிச்சு பவரையும் அங்கயே விட்டுருது. எங்க சித்தூர் தாலுக்கா ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும், ஆழியாத்துல தெறந்த தண்ணி வேற, கடைமடைக்கு வர்ற தண்ணி வேற. சுவர்ல லித்தியம் பூசி ஓரத்து அடர்த்திய கொறைச்சப்ப உள்ள போற பவர் கூடுச்சு. அதுக்குன்னு ரொம்ப கொறைச்சாலும் ஆகாதுங்க, தேயற தூரம் நீண்டுபோய் ஆன்டெனாவ விட்டு பவர் கெளம்பறதே செரமம்.

இன்னொண்ணு, ஓரத்துல இருக்கற அலையால சுவரை ஒட்டி வோல்டேஜ் ஏறி அயனிங்க வேகமா வந்து மோதி சுவர்ல இருக்கற டங்ஸ்டன் அணுக்கள பேத்துருது, அது நடுவுல போய் சேந்தா இருக்கற சூட்டையும் கதிர்வீச்சா வெளிய கொட்டிரும். மூனிச் பக்கத்துல ஆஸ்டெக்ஸ் அப்கிரேடுங்கற டோகாமாக்ல 3 பட்டை ஆன்டெனா வச்சு, சுத்தி இருக்கற சட்டத்துல ஓடற கரண்ட் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கற மாதிரி செட் பண்ணி டங்ஸ்டன் வர்றத கொறைச்சாங்க. இந்த மாதிரி வேலையெல்லாம் பசங்களுக்கு தெரியணும்ங்க, இதுதான் நெசமான இன்ஜினியரிங்.

பல நாடுங்க சேந்து பிரான்ஸ்ல கட்டற ஈட்டருங்கற பெரிய டோகாமாக்குக்கு இந்த வகை ஹீட்டிங்குக்கான ரேடியோ பவர் சோர்ஸ் செஞ்சு தர்ற பொறுப்பு இந்தியாவுக்குத்தான். காந்திநகர் பக்கத்துல ஆதித்யாங்கற டோகாமாக் 1989ல ஓட ஆரம்பிச்சுச்சு, அப்புறம் அத புதுப்பிச்சு ஆதித்யா-யூ ஆக்கிட்டாங்க. தமிழ் மீடியத்துல படிக்கற எங்க ஊர் பசங்க நாளைக்கு அங்க வேலைக்கு போகலாம், அவங்களுக்கு இத தமிழ்ல சொல்றதுக்கு உங்க பேப்பர விட்டா இந்தப் பக்கம் வேற என்ன இருக்கு சொல்லுங்க.

அடுத்த கட்டுரைல ஆன்டெனா அனுப்புன மெகாவாட்டோட, பிளாஸ்மா வாங்குன மெகாவாட்டையும் சேத்துப் போடுங்க. ஓரத்துப் பிளாஸ்மாவுக்கு ஒரு படமும் போட்டா க்ளாஸ்ல ஒட்டி வச்சுக்குவேன்.

இப்படிக்கு,
பிசிக்ஸ் டியூஷன் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்