எழுத்தை வெட்டினால் அது சம்பாவின் படம் இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் காங்கோ ஓவியர் ஷேரி சம்பாவைப் பற்றி வந்த கட்டுரைக்கு நன்றி. பிக்காஸோ, டாலி தவிர வேறு பேரே அடிபடாத நம் பத்திரிகைகளில் காங்கோவின் தலைநகரான கின்ஷாசாவுக்கு நான்கு பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம்தான். ஆனால் கூடவே அச்சான மூன்று படங்களிலும் ஓரத்தில் இருந்த எழுத்து வரிகளைப் பக்க அமைப்புக்காக வெட்டிவிட்டிருக்கிறீர்கள். கட்டுரையும் அந்த வரிகளை ‘படவிளக்கம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டு, வண்ணத்தையும் ‘வெள்ளந்தியான’ கோடுகளையும் புகழப் போய்விடுகிறது. சம்பாவின் கிண்டல் பாதிக்கு மேல் அந்த வரிகளில்தான் இருக்கிறது. வெட்டியபின் மிஞ்சுவது பளபளப்பான ஒரு சுவரொட்டி.

எழுத்து அங்கே வந்த கதையைக் கட்டுரை சொல்லவில்லை. 1956இல் பிறந்த சம்பா ஒரு கொல்லரின் மகன். 1972இல் கிராமத்திலிருந்து கின்ஷாசாவுக்கு வந்து விளம்பரப் பலகை எழுதும் பட்டறைகளில் தொழில் கற்றார். 1975இல் சொந்தக் கடை போட்டார். ‘பிலெங்கே இன்ஃபோ’ என்ற பத்திரிகைக்குப் படக்கதையும் வரைந்தார். பலகைத் தொழிலில் எழுத்துதான் முதல், படம் அதற்குத் துணை. படக்கதையில் பாத்திரத்தின் வாயிலிருந்தே வசனம் வரும். இந்த இரண்டு பழக்கமும் ஓவியத் துணியில் சேர்ந்துகொண்டன. கடை வாசலில் மாட்டிவைத்த படங்களை ஜனங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டுவதை அவர் கவனித்தார். வரி எழுதினால் படிக்கவாவது நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. கின்ஷாசாவில் வதந்திக்கும் ஊர்ப்பேச்சுக்கும் ‘நடைபாதை வானொலி’ என்று பெயர். அந்த வானொலிக்குத் தீனி போட்ட படங்கள் இவை.

வரிகள் பிரெஞ்சு, லிங்காலா, கிகோங்கோ என மூன்று மொழிகளிலும் வரும். பிரெஞ்சு, நாட்டை ஆண்ட பெல்ஜியக்காரன் விட்டுப்போன ஆபீஸ் மொழி, பள்ளிக்கூட மொழி. லிங்காலா சந்தைக்கும் பாட்டுக்கும் பட்டாளத்துக்கும் உரியது. கிகோங்கோ அவர் பிறந்த பகுதியின் பேச்சு. எழுத்தின் தொனியையும் கவனிக்க வேண்டும்: பெரும்பாலும் பிரசங்கி குரல்தான். ‘இப்படியெல்லாம் நடக்கலாமா?’ என்று அது கண்டிக்கும்போது, படமோ கண்டிக்கப்படும் விஷயத்தை ரசித்து ரசித்து வரைந்திருக்கும். உபதேசமும் சபலமும் ஒரே துணியில் இடித்துக்கொள்கின்றன. இதைத்தான் வெள்ளந்தி என்கிறது கட்டுரை!

செய்முறையைப் பற்றியும் சில வார்த்தை. எழுபதுகளில் கின்ஷாசா ஓவியர்களுக்கு மாவு மூட்டையின் பருத்தித் துணிதான் சட்டெனக் கைக்கு வந்தது. அதைச் சட்டத்தில் இழுத்து அறைந்து, வெள்ளைப் பூச்சு கொடுத்துக் காயவிடுவார்கள். பூச்சு போதாவிட்டால் துணி வண்ணத்தைக் குடித்துவிடும். கனத்துப்போனால் படத்தைச் சுருட்டும்போது வெடிக்கும். அதன்மேல் பென்சிலில் உருவம், பிறகு பெரிய பரப்புகளுக்குத் தட்டை வண்ணம், பிறகு நிழலும் ஓரக்கோடும். பலகை எழுதுகிறவர் எழுத்தின் இடத்தை முதலிலேயே கோடு போட்டு ஒதுக்கிவிடுவார். கடைசியில் இடம் தேடினால் வரி நெருக்கியடித்து வலது ஓரத்தில் போய் முட்டும். ஆகவே எழுத்து பின்னால் ஒட்டவைத்த சங்கதி இல்லை. உருவங்கள்தான் அதற்கு ஒதுங்கி நிற்கின்றன. பின்னாளில் அக்ரிலிக் வண்ணமும் நல்ல ஓவியத் துணியும் வந்தன, கூடவே ஜிகினாத் தூளும் வந்தது. அமைப்பு மாறவில்லை.

கட்டுரை அவரை, அந்நாளில் நாட்டை ஆண்ட சர்வாதிகாரியான ‘மொபுத்துவை எதிர்த்த வீரர்’ ஆக்க முயல்கிறது. அதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1971இல் நாட்டின் பெயரையே ஸயீர் என்று மாற்றி, அடுத்த ஆண்டு கிறிஸ்தவப் பெயர்களை விலக்கச் சொல்லி, கோட்டு-டை போடக் கூடாது என்ற ஒற்றைக் கட்சி ஆட்சி அது. தெருவில் படம் மாட்டிப் பிழைக்கிறவன் தலைவர் மேல் நேராகக் கை வைக்க மாட்டான். அதனால் கிண்டல் வீட்டுக்குள் புகுந்தது: சின்னவீடு வைத்திருக்கும் கணவன், உடுப்புக்குக் காசைக் கரைக்கும் சோக்குப் பேர்வழி, எய்ட்ஸ் பயம், லஞ்சம். ஆட்சியின் நாற்றம் இவற்றின் வழியாகத்தான் வெளியே வரும். அன்றாடத்தை வரைந்தது தப்பிக்கும் வழியும் ஆயிற்று, சாட்சியும் ஆயிற்று.

2004இல் வரைந்த ‘தண்ணீர்ப் பிரச்சினை’யை நீங்கள் வெட்டாமல் போட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ராக்கெட் ஒன்றின் மேல் குதிரையேறியதுபோல் சம்பாவே உட்கார்ந்துகொண்டு தண்ணீர் தேடிச் செவ்வாய்க்குப் போகிறார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் நாஸாவின் இரண்டு ஊர்திகள் செவ்வாயில் இறங்கி, அங்கே எப்போதாவது தண்ணீர் இருந்ததா என்று துழாவத் தொடங்கியிருந்தன. கின்ஷாசா இருப்பதோ, ஓடும் நீரின் அளவில் உலகின் இரண்டாவது பெரிய ஆறான காங்கோவின் கரையில். ஆறு காலடியில், குழாய் காய்ந்து கிடக்கிறது, தண்ணீருக்கு வேறு கிரகம்! தலைப்பும் கேள்வியும் துணியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் பக்கத்தில் அவை இல்லாததால் விண்வெளிக் கனவு காணும் ஆள் என்று கட்டுரையாளர் எழுதும்படி ஆகிவிட்டது.

இதைவிடக் கூர்மையானது 2002இல் பிரஸ்ஸல்ஸை அடுத்த தெர்வூரன் அருங்காட்சியகத்துக்காக வரைந்த ‘மறுசீரமைப்பு’. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு 1897இல் நடத்திய காங்கோ கண்காட்சியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அங்கே நெடுங்காலம் நின்ற ‘சிறுத்தை மனிதன்’ சிலை, சிறுத்தைத் தோல் போர்த்த ஆப்பிரிக்கன் தூங்குகிறவன் மேல் பாய்வதைக் காட்டுவது. செய்தவர் பால் விஸேர் என்ற பெல்ஜியர். சம்பாவின் படத்தில் கறுப்பர்கள் கயிறு கட்டி அந்தச் சிலையை வெளியே இழுக்கிறார்கள், வெள்ளை ஊழியர்கள் உள்ளே இழுக்கிறார்கள். அருங்காட்சியக இயக்குநர் நின்று வேடிக்கை பார்க்கிறார். உள்ளே இழுக்கிறவர்கள் சொல்வதாக எழுதியிருப்பது: இந்தச் சிலை போவதை ஏற்க முடியாது, எங்களை நாங்களாக ஆக்கியதே இதுதான். இந்த ஒரு வரியை மூடிவிட்டுப் பாருங்கள், வெறும் கயிறு இழுக்கும் போட்டி. வரியோடு பார்த்தால், காலனி இல்லாமல் தான் யார் என்று தெரியாத ஐரோப்பா தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. படத்துக்குப் பணம் கொடுத்ததும் அதே அருங்காட்சியகம்தான். 2018 டிசம்பரில் அது புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது அந்தச் சிலை, காலனிக் காலச் சிற்பங்களுக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போய்விட்டது.

1989இல் பாரிஸில் நடந்த ‘பூமியின் மந்திரவாதிகள்’ கண்காட்சிக்குப் பிறகு வாங்குகிறவர்கள் மாறினார்கள். துணி பெரிதானது, பிரெஞ்சு கூடியது, ஓவியச் சந்தையே கிண்டலுக்குப் பொருளானது. 1997இன் ‘நம் கலையின் எதிர்காலம் என்ன?’ படத்தில் பிக்காஸோவையும் ஆப்பிரிக்க முகமூடிகளையும் கூட வைத்துக்கொண்டு, பாரிஸின் நவீன கலை அருங்காட்சியகம் இனவெறி கொண்டதில்லையா என்று கேட்கிறார். என் கணிப்பில் தெரு வாசலுக்கு வரைந்த பழைய படங்களின் காரம் இவற்றில் சற்றுக் குறைவுதான். எல்லாவற்றிலும் தன் முகத்தையே வைப்பதும் சில சமயம் அலுக்கிறது.

இன்னொரு திருத்தம். மோக்கே, போடோ, ஷேரி ஷெரின் ஆகிய ஓவியர்களோடு திஷிபும்பா கண்டா மத்துலுவையும் ‘கின்ஷாசா குழு’ என்று சேர்த்திருக்கிறீர்கள். அவர் அங்கிருந்து 1,500 கிலோமீட்டர் தள்ளி, தாமிரச் சுரங்கப் பகுதியான லுபும்பாஷியில் நாட்டின் வரலாற்றைத் தொடராக வரைந்தவர். அவரிடம் கிண்டல் குறைவு, கணக்குத் தீர்ப்பது அதிகம்.

அடுத்த முறைக்குச் சில யோசனைகள். இரண்டு மீட்டர் அகலப் படத்தில் எழுத்து மூன்று சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். பக்கத்தில் பதினாறு சென்டிமீட்டர் அகலம் கொடுத்தால் எழுத்து இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், படிக்கலாம். எட்டு சென்டிமீட்டர் பத்தியில் அடைத்தால் பொடிப்பொடியாகிவிடும். ஆகவே மூன்று படத்துக்குப் பதில் ஒன்று போதும், முழுச் சட்டகத்தோடு. தமிழாக்கத்தைப் படத்துக்குக் கீழே தனியே போடுங்கள்; படத்தின் மேல் ஏற்ற வேண்டாம். ஜிகினா நான்கு வண்ண அச்சில் மினுங்காது, அழுக்குப் புள்ளியாகத்தான் விழும். ஃப்ளாஷ் அடித்து எடுத்த படமாக இருந்தால் இன்னும் மோசம். அருங்காட்சியகம் தரும் படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. ஒரே படத்தை அவர் பல முறை திரும்ப வரைந்திருக்கிறார். முகம் பழத்தோல் நாடாவாகச் சுருண்டு அவிழும் ‘எனக்கு வண்ணம் பிடிக்கும்’ படத்துக்கே 2003 தொடங்கி ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. கையெழுத்தோடு இருக்கும் ஆண்டைப் பார்த்துக் குறிப்பிடுங்கள். நீங்கள் போட்டதில் அந்த மூலையும் வெட்டுப்பட்டிருக்கிறது.

‘மறுசீரமைப்பு’ படத்தை மட்டுமாவது வரும் இதழில் நடுப்பக்கம் இரண்டும் சேர்த்து முழுதாக வெளியிட வேண்டுகிறேன். மடிப்பு சிலையின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய வாசகர்,
கும்பகோணம்.