எனக்குப் பந்து எறிந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் அமெரிக்கக் கால்பந்திலிருந்து ஓய்வு பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த வாழ்த்துகளில் எல்லாம் நான் பிடித்த பந்துகளின் கணக்கு இருந்தது. எத்தனை பிடித்தேன், எத்தனை கெஜம் எடுத்தேன், எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எத்தனை டச் டவுன் எடுத்தேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க, அந்தக் கணக்கில் வராத பந்துகளே நினைவுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் என் பக்கம் ஐந்தாறு பந்து வரும். அந்த ஐந்தாறுக்காக வாரம் முழுக்க நூற்றுக்கணக்கில் பிடித்துப் பழக வேண்டும். ஓட்டத்தைத் தனியாகப் பழகலாம். பந்தை உதைப்பவரும் தனியாக உதைத்துப் பழகலாம். எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் என்னைப் போன்ற ரிசீவருக்கு அது முடியாது. எதிரே ஒருவர் நின்று, தோள் வலிக்க எறிந்துகொண்டே இருக்க வேண்டும். எனக்கு அப்படி எறிந்தவர்களுக்குத்தான் இந்த நன்றி மடல்.

அம்மா, உன்னிடமிருந்து தொடங்குகிறேன். ஃப்ளோரிடாவின் பஹோக்கியில், ஓகிசோபி ஏரிக்கரையில், சோளத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்த்தாய். வீட்டுக்கு வரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மடிக்க வேண்டிய துணிகளை மடியில் குவித்துக்கொள்வாய். காலுறைகளை ஜோடி சேர்த்துச் சுருட்டி என் பக்கம் எறிவாய். இடப்பக்கம், வலப்பக்கம், தலைக்கு மேலே, சில நேரம் நான் பார்க்காதபோதும். கீழே விழுந்த ஜோடியை நான் துவைக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு அப்போது ஒன்பது வயது. எழுந்து நிற்கத் தெம்பில்லாத பொழுதிலும் நீ என்னோடு விளையாடினாய் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது.

அண்ணா, உனக்கும். எங்கள் ஊரில் அக்டோபரிலிருந்து வசந்த காலம் வரை கரும்பு வெட்டு. வெட்டுவதற்கு முன் சோகைக்குத் தீ வைப்பார்கள். வானமெல்லாம் கரித்தூள் பறந்து கூரையிலும் கொடியில் காயும் துணியிலும் வந்து படியும். கறுப்புப் பனி என்போம். தீக்குப் பயந்து முயல்கள் வெளியே பாயும். பையன்கள் விரட்டிப் பிடிப்போம். கால் புதையும் கறுப்பு மண்ணில் முயலை மறிப்பது லேசான காரியம் இல்லை. 'தலையைப் பார்க்காதே, தலை பொய் சொல்லும், இடுப்பைப் பார்' என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். ரிசீவரைத் தடுக்க நிற்கும் ஆட்டக்காரரைக் கார்னர்பேக் என்பார்கள்; என்னை மறித்து நின்ற ஒவ்வொரு கார்னர்பேக்கின் இடுப்பையும் பார்த்துத்தான் எந்தப் பக்கம் வெட்டித் திரும்புவது என்று முடிவெடுத்தேன். முயல் விற்ற காசில் எனக்கு முதல் கையுறை வாங்கித் தந்ததும் நீதான்.

பஹோக்கியும் பக்கத்து ஊர் பெல் கிளேடும் மோதும் பள்ளி ஆட்டத்தை மக் போல் என்பார்கள். எங்கள் கறுப்பு மண்ணின் பெயரால் நடக்கும் ஆட்டம். 2009 பிப்ரவரி 1 அன்று நான் பள்ளி இறுதியாண்டு. தாம்பாவில் 43-ஆவது சூப்பர் போல், தொழில்முறை அணிகளின் இறுதி ஆட்டம். அரிசோனா பக்கம் எங்கள் ஊர் ஆன்குவான் போல்டின். பிட்ஸ்பர்க் பக்கம் பெல் கிளேடின் சான்டோனியோ ஹோம்ஸ். 35 நொடி மிச்சமிருக்கும்போது வலது மூலையில், மூன்று பேர் சூழ்ந்து நிற்க, இரண்டு கால் நுனியையும் கோட்டுக்கு உள்ளே ஊன்றி ஹோம்ஸ் பந்தைப் பிடித்தார். 27-23, பிட்ஸ்பர்க் வென்றது. அன்றைக்கு ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவர்தான். போல்டினுக்காக அழுதுகொண்டே ஹோம்ஸுக்குக் கை தட்டியவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். போல்டின், ஹோம்ஸ், நீங்கள் இருவரும் என்னை அறிய மாட்டீர்கள். ஆனால் ஒரே மண்ணில் ஓடிப் பழகிய இரண்டு பேர் உலகமே பார்க்கும் ஆட்டத்தில் எதிரெதிரே நின்றதைப் பார்த்த பிறகு, எனக்கும் அது நடக்கும் என்று நம்ப யாரிடமும் அனுமதி கேட்கத் தேவைப்படவில்லை. உங்களுக்கு என் நன்றி.

கோச், பள்ளியில் நீங்கள் எனக்கு ரிசீவர் ஓட வேண்டிய பாதைகளை, எண் வைத்து, குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினீர்கள். இரட்டை எண் என்றால் உள்பக்கம் திரும்பு, ஒற்றை எண் என்றால் வெளிப்பக்கம். 8 என்றால் போஸ்ட், கோல் கம்பத்தை நோக்கி; 7 என்றால் கார்னர், மூலையை நோக்கி; 9 என்றால் திரும்பிப் பாராமல் நேரே ஓடு. பெரிய அணிகளின் ஆட்டமுறைப் புத்தகங்களை எல்லாம் அந்தக் குச்சிக் கோடுகளை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஆனால் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது, பழைய பந்துகளின் மூக்கில் நீங்கள் வெள்ளைச் சாயத்தால் எழுதி வைத்த எண்களை. பந்தைப் பிடித்தால் மட்டும் போதாது, கைக்கு வருமுன் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பிடித்ததும் கணக்கில்லை. கண்ணைப் பந்தின் மேலிருந்து எடுக்காதே என்று வாயால் சொல்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் ஒருவர்தான் அதற்கு ஒரு வழி செய்து வைத்தீர்கள். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேரட்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேரட்டும் என்று நீங்கள் சொன்னதைத்தான் இன்று என் மகனுக்குச் சொல்கிறேன்.

கல்லூரி நாட்கள் நல்லபடியாகவே போயின. தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2014 மே மாத டிராஃப்ட் நியூயார்க்கில் 3 நாள் நடந்தது. 7 சுற்று, 256 பெயர்கள். என் பெயர் இல்லை. பிறகு ஓர் அணி பயிற்சி முகாமுக்கு அழைத்தது. ஆகஸ்ட் இறுதியில், 90 பேர் 53 ஆகக் குறையும் அந்தக் கெட்ட வாரத்தில், ஒருவர் அறைக் கதவைத் தட்டினார். 'ஐபேடை எடுத்துக்கொண்டு மேலே வா' என்றார். ஆட்ட முறைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டால் வேலை போய்விட்டது என்று பொருள். நான்கு மாத உழைப்புக்கு விடை மூன்று நிமிடத்தில் முடிந்தது. அந்த அணி மேல் எனக்கு வருத்தம் இருந்தது, நெடுநாள் இருந்தது. அதற்கு அடுத்து வந்த செப்டம்பரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த அணியில், ஆட்டத்தில் இறங்காமல் பழக மட்டும் செய்யும் பயிற்சிக் குழுவில்தான் இடம். அங்கே கிட்டங்கிப் பொறுப்பில் இருந்த பெரியவரே, உங்களை நான் எப்படி மறப்பேன்? எல்லோரும் குளித்துக் கிளம்பிய பிறகு எனக்காக நீங்கள் பந்து எறியும் இயந்திரத்தை மறுபடி இழுத்து வருவீர்கள். இரண்டு சக்கரம் எதிரெதிராகச் சுழலும். நடுவே ஒவ்வொரு பந்தாக ஒருவர் செருக வேண்டும். டிசம்பரில் விரல் விறைக்கும் குளிரில், பந்துகளை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துச் செருகினீர்கள். ஈரப் பந்துக்கும் என் கை பழக வேண்டும் என்று உங்கள் கையை நனைத்துக்கொண்டீர்கள். முன்னணி ஆட்டக்காரர்களுக்கே செய்யத் தேவையில்லாத வேலை அது. எனக்கு அப்போது முதுகில் பெயர்கூட உறுதியில்லை.

முன்வரிசையில் நின்ற ஐவருக்கும் நன்றி. பந்து எறிபவரை வீழ்த்தப் பாயும் 140 கிலோ ஆட்களை நீங்கள் நெஞ்சால் தாங்கிப் பிடித்த இரண்டரை நொடியில்தான் எனக்குப் பந்து வந்தது. ஆட்டம் முடிந்து படம் பார்க்கும்போது நான் பிடிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள்; நான் உங்கள் கால்களைப் பார்த்தேன். அன்றன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இடது மோதிரவிரல் முறிந்த ஆண்டில், கண்ணே, நீ ஏழு மாதக் கர்ப்பிணி. சிகிச்சையாளர் சொன்னபடி வாளி நிறைய அரிசியை வாங்கி வந்தாய். மணிக்கட்டு வரை கையைப் புதைத்து, விரலை விரித்து மூடி, விரித்து மூடி, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாய். பிறகு நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து டென்னிஸ் பந்தை எறிய ஆரம்பித்தாய். உன்னால் குனிய முடியாது, அதனால் நழுவியதை எல்லாம் நானே ஓடிப் பொறுக்கினேன். அன்றைக்கு உன்னிடம் என் அம்மாவின் கையைப் பார்த்தேன்.

இனி அந்த 2014 செப்டம்பர். வேலை போய், அம்மா வீட்டுக்கும் போக மனமில்லாமல், ஜாக்சன்வில்லில் நண்பன் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தேன். வேலையில்லாத ஆட்டக்காரர்களை அணிகள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில்தான் கூப்பிட்டுச் சோதிக்கும். எந்தச் செவ்வாயில் கூப்பிடுவார்களோ என்று தினமும் விடியலில் ஒரு பள்ளி மைதானத்தில் தனியாக ஓடுவேன். எறிய ஆள் இல்லாததால் பந்தை நானே மேலே எறிந்து நானே பிடித்தேன். அதைப் பார்த்த ஒரு தபால்காரர், சீருடையில், வேலைக்குப் போகும் வழியில் வேலியருகே வண்டியை நிறுத்தினார். 'தம்பி, நான் எறியட்டுமா?' என்று கேட்டார். ஐந்து வாரம், வாரத்துக்கு நான்கைந்து நாள், விடியலில் 40 நிமிடம் எறிந்தார். நான் யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நானும் அவர் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். ஒரு செவ்வாய்க்கு அழைப்பு வந்தது, அவசரமாகக் கிளம்பினேன், திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. பிறகு இரண்டு முறை அந்த மைதானத்துக்குப் போய்க் காத்திருந்தேன்.

ஐயா, நீங்கள் இடதுகைக்காரர். இடதுகையிலிருந்து வரும் பந்து எதிர்ப்பக்கமாகச் சுழலும். கடைசி இரண்டடியில் வேறு பக்கம் விலகும். முதல் வாரம் உங்கள் பந்துகளில் பாதியைத் தவறவிட்டேன். சில ஆண்டு கழித்து, பந்து எறியும் எங்கள் குவார்ட்டர்பேக் அடிபட்டு வெளியேற, மாற்றாக வந்தவர் இடதுகைக்காரர். மற்ற ரிசீவர்கள் தடுமாறினார்கள். நான்காவது கால் பகுதியின் கடைசியில், மூலைக்கு 7 ஓடினேன். பந்து என் தலைக்கு மேலே வந்தபோது அதன் சுழற்சி எனக்குத் தெரிந்ததாக இருந்தது. வேலியோரம் நிறுத்திய உங்கள் வண்டியும் ஈரப் புல்லும் நினைவுக்கு வந்தன. பந்து கைக்குள் இருந்தது. அந்தப் பந்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. உங்களுக்காக வைத்திருக்கிறேன்.