டெங்கு எப்படிச் சாட்டையாகும்?

ஆசிரியருக்கு,

ஆங்கிலச் செய்தியில் ‘ஸ்கர்ஜ்’ (scourge: சாட்டை, தண்டிப்பவன், பெருந்துன்பம் என்று பல பொருள்) என்று வந்தால் தமிழில் ‘சாட்டை’ என்று போட்டுவிடும் வழக்கம் நாளிதழ்களில் பரவுகிறது. ‘டெங்கு என்னும் சாட்டை’ என்றால் வாசகருக்கு என்ன விளங்கும்?

‘ஸ்கர்ஜ்’ என்பதன் வேர் ‘கொரிகியா’ என்ற லத்தீன் சொல். தோல்வார் என்று பொருள். பிலாத்து இயேசுவை ‘வாரினால் அடிப்பித்தான்’ என்று தமிழ் விவிலியம் சொல்வது அந்த வேரையே தொடுகிறது. கசை, சவுக்கு, சாட்டை எல்லாம் இந்த நேர்ப்பொருளுக்கு உரியவை. எங்கள் கீழத்தஞ்சையில் அந்த நேர்ப்பொருள் அகராதியோடு நிற்பதில்லை. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் (கரைத்த சாணியைக் குடிக்க வைப்பது) தண்டனையாக இருந்த ஊர்கள் இவை. 1940களில் செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடித்தான் அதை நிறுத்தினார்கள். அந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் இறைப்பது எங்களுக்கு வலிக்கிறது.

ஆளைக் குறிக்கும்போது ஸ்கர்ஜ் என்பது தண்டிப்பவன். ஐந்தாம் நூற்றாண்டு ஹூண மன்னன் அட்டிலாவைக் ‘கடவுளின் சாட்டை’ என்பது சரி. ஓங்குகிற கை கடவுளுடையது என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஊழல் அதிகாரிகளின் ஸ்கர்ஜ் என்றால் நம்மிடம் ‘சிம்மசொப்பனம்’ இருக்கிறதே!

துன்பத்தைக் குறிக்கும்போது கதை வேறு. நெல்லைத் தாக்கும் புகையானுக்கு அப்படி ஓங்கும் கை கிடையாது. தூரடியில் சாறு உறிஞ்சி, பயிரை வட்டம் வட்டமாகத் தீய்க்கும் பூச்சி அது. அங்கே பீடை, கொடுமை, தொல்லை பொருந்தும். ‘கொள்ளைநோய்’ என்பதைப் பரவிக் கொல்லும் நோய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு சிக்கல்: ‘சாட்டையைச் சுழற்றினார்’ என்று தமிழில் எழுதினால் அதிகாரி கடும் நடவடிக்கை எடுத்தார் என்று பொருள். ‘கள்ளச்சாராயச் சாட்டை’ என்ற தலைப்பைப் பார்ப்பவர் யாரோ சாராயத்தை ஒழிக்கக் கிளம்பிவிட்டதாக நினைப்பார். பொருளே தலைகீழாகிறது.

அதிகம் இடறுவது பின்னால் வரும் ‘ஆஃப்’ (of) என்ற சொல்லில். அந்த இடத்தில் ‘என்னும்’ போட்டுப் பாருங்கள்; நின்றால் அது துன்பம், நிற்காவிட்டால் தண்டிப்பவன். ‘ஸ்கர்ஜ் ஆஃப் ராட்ஸ்’ சம்பா வயலில் தூர் வெட்டும் எலிகளைப் பற்றிய செய்தியில் வந்தால் எலித்தொல்லை. அதே தொடர், வயலில் டி வடிவக் கழி நட்டு ஆந்தையை உட்கார வைப்பது பற்றிய செய்தியில் வந்தால், பேசப்படுவது ஆந்தை: ‘எலிகளுக்கு எமன்’. எழுவாய் எது என்று பார்க்காமல் இதைப் பிரிக்க முடியாது.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பு ஆசிரியர்கள்,
மயிலாடுதுறை.