பிழைக் காசும் அடிபட்ட காசும்

ஆசிரியருக்கு,

வணக்கம். அச்சுப் பிழை உள்ள நாணயங்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று சென்ற வார இதழில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு வந்த மூன்று பேர், நான் கொடுத்த பாக்கிச் சில்லறையைக் கடை வாசலிலேயே நின்று புரட்டிப் பார்த்தார்கள். நானும் நாலு வருஷமாகக் கல்லாப்பெட்டியில் காசு தேடுகிறவன்தான். ஆனால் எது பிழை, எது வெறும் அடிபட்ட காசு என்று கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அந்த மூவரில் ஒருவர், "வருஷத்துக்குக் கீழே குறியே இல்லையே, இது பிழைதானே?" என்றார். இல்லை. அந்தக் குறி, காசு எந்த நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது என்று காட்டுவது. மும்பை நாணயச் சாலைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா எந்தக் குறியும் போடுவதில்லை. என் முதல் 'கண்டுபிடிப்பும்' இதேதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

காசில் கோடு தெரிந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். காசு அடிக்கிற அச்சு விரிசல் விட்டிருந்தால் உலோகம் அந்த இடுக்கில் புகுந்து, காசில் மேடாக நிற்கும். பள்ளமாக இருந்தால் அது பிற்பாடு விழுந்த கீறல். எழுத்து மங்கலாக இருப்பது அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்ததாலும் வரும், கைபட்டுத் தேய்ந்தும் வரும். அதற்குப் பெரிய விலை கிடையாது.

நான் ஏமாந்தது ஓரம் வெட்டுப்பட்ட ஒரு ரூபாயில். ஒரு கண்காட்சியில் 400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உலோகத் தகட்டிலிருந்து, பிற்பாடு காசாக அடிக்கிற வட்ட வில்லையை வெட்டும்போது, தகடு சரியாக நகராவிட்டால் முன்பு வெட்டிய ஓட்டை மேலேயே வெட்டு விழும். கடித்த பிஸ்கட் மாதிரி வில்லை வரும். அந்த வில்லைக்கு விளிம்பு எழுப்பும்போது, வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் அழுத்தம் கிடைக்காது. அதனால் பெரும்பாலும் அங்கேயும் விளிம்பு சப்பையாக இருக்கும். என் காசில் எதிர் விளிம்பு கிண்ணென்று இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெட்டில் வரிவரியாக அரம் போட்ட தடம். சரி, எடை போட்டிருந்தால் தெரிந்திருக்காதா என்பீர்கள். அரத்தால் ராவினாலும் எடை குறையத்தானே செய்யும்!

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சிங்கம் நேராக நிற்கும்படி காசை மேலும் கீழும் இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் காசில் மறுபக்கமும் நேராக வரவேண்டும். கொஞ்சம் சாய்ந்திருப்பது சகஜம். படுத்தோ தலைகீழாகவோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

அப்புறம், பழைய காசை விற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிற விளம்பரங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதையும் கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை பால் பாக்கெட்டுக்கு வந்த இரண்டு ரூபாயில், சிங்கம் நேராக நிற்க, மறுபக்கத்து '2' படுத்துக் கிடந்தது. விற்கிற எண்ணம் இல்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.