வாம்பயர் விமானத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் அருங்காட்சியக முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றிருந்த வாம்பயர் ஜெட் விமானத்தின் திருப்பணி முடிந்தது. விமானம் இப்போது கூரைக்கு அடியில் நிற்கிறது. வரவு செலவுக் கணக்கைத் தனியாக இணைத்திருக்கிறோம். இங்கே வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

நினைத்ததைவிட இரண்டு மடங்கு காலம் ஆனதற்குக் காரணம் மரம். ஜெட் விமானம் என்றாலும் வாம்பயரின் மூக்கும் விமானி உட்காரும் பகுதியும் மரத்தால் ஆனவை. மெல்லிய பிளைவுட் இரண்டுக்கு நடுவே பால்சா என்னும் மிக லேசான மரத்தை வைத்து ஒட்டிய உடல் அது. இதைத் தயாரித்த பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம், அதற்கு முன் மரத்தாலான மொஸ்கீட்டோ விமானத்தில் கைகண்ட முறையை, 1943 செப்டம்பர் 20 அன்று முதன்முதலாகப் பறந்த இந்த ஜெட்டிலும் கையாண்டது. இறக்கையும் வாலைத் தாங்கும் இரட்டைத் தண்டுகளும் அலுமினியம். அலுமினியம் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும்.

முன்பு ஒருமுறை பெயின்ட் அடித்தவர்கள், இணைப்புகளையெல்லாம் பட்டி வைத்து மூடியிருந்தார்கள். அடிப்பகுதியில் நீர் வடியும் துளைகளும் அதோடு சேர்ந்து அடைபட்டுவிட்டன. மேலே பளபளப்பு, உள்ளே ஈரம். பழைய பெயின்டைச் சுரண்டியதும் உடல் முழுக்கச் சிறு சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தோம். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கேட்டது. கெட்ட இடத்தில் ஈரச் சாக்கைத் தட்டுவது போல ஓசை அமுங்கியது. அப்படிப்பட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு முடித்தபோது, மூக்கின் அடிப்பகுதியில் வட்டம் இல்லாத இடம் கொஞ்சம்தான் இருந்தது. அன்று மாலை யாரும் அதிகம் பேசவில்லை.

மொத்தமாகப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடி இழையில் புதுமூக்கு செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. செலவும் குறைவு. குழு அதை ஏற்கவில்லை. மரத்தை எடுத்துவிட்டால் அது வாம்பயர் உருவத்தில் ஒரு பொம்மை, அவ்வளவுதான். எனவே கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, விளிம்பை ஒன்றுக்குப் பன்னிரண்டு (தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம்) என்ற சாய்வில் சீவி, புதுப் பிளைவுட்டை அதே சாய்வில் பொருத்தி ஒட்டினோம். அரைக் கை அகல ஒட்டுக்கே ஒரு முழு நாள் ஆனது. புது மரத்தின் உட்புறத்தில் எல்லாம் தேதி எழுதியிருக்கிறோம். நாளைக்கு வேலை செய்பவர்களுக்கு எது பழசு, எது நம்முடையது என்று தெரிய வேண்டும். ஒரு பலகையைக் கழற்றியபோது அதன் பின்பக்கம் பென்சிலில் ஓர் எண்ணும் ஒரு டிக் குறியும் இருந்தன. செய்தபோது சரிபார்த்தவரின் கை. அதைத் தொடாமல் அப்படியே திரும்பப் பொருத்தினோம்.

காக்பிட் மீட்டர்களில் இருட்டில் ஒளிரும் பழைய பூச்சு ரேடியம். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள் என்பதால், ஒளிர்வது நின்றுபோனாலும் கதிர்வீச்சு நிற்காது. உரிமம் பெற்றவர்களை வைத்து அளந்து, கண்ணாடி விரிசல் விட்ட மீட்டர்களை அகற்றினோம். இனி அனுமதியில்லாமல் யாரும் காக்பிட்டில் ஏற வேண்டாம். குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்க ஆசைப்படும் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும்.

விமானத்தின் காப்லின் ஜெட் எஞ்சினை ஒருமுறையாவது ஓட விடலாமே என்று பலர் கேட்டீர்கள். அந்த ஆசை எங்களுக்கும் உண்டு. இன்றும் சில வாம்பயர்கள் ஏர்ஷோக்களில் பறக்கின்றன. ஆனால் எரிபொருள் பைகள், சீல்கள், பம்புகள் எல்லாவற்றையும் மாற்றாமல் ஓட்டுவது ஆபத்து. மாற்றினால் அசல் பாகங்கள் போய்விடும். தவிர, ஒருமுறை பறந்துவிட்டாலே பிழைத்தது என்று ஆகாது. பொதுமக்கள் நன்கொடையில் 2007இல் மீண்டும் பறந்த பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம், தொழில்நுட்பப் பொறுப்பேற்ற நிறுவனங்கள் விலகியதால் 2015இல் நிரந்தரமாகத் தரையிறங்கியது. நம் எஞ்சினைக் கையால் சுழற்றினால் சுற்றும். அந்த அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

நிதியில் பெரும்பங்கு கூரைக்குப் போனது பற்றிச் சிலர் வருத்தப்பட்டதையும் கேட்டோம். தண்ணீர் என்ன செய்யும் என்பதற்குப் போர்க்கப்பல்களைப் பாருங்கள். 1914இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த டெக்சாஸ் கப்பலின் நீர் கசிந்த அடிப்பகுதியைச் சரிசெய்ய 2022இல் கால்வெஸ்டன் துறைமுகத்தில் டிரை டாக்கில் (தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் தளத்தில்) ஏற்ற வேண்டியிருந்தது. நம் பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தும் 2014இல் உடைக்கப் போனது. கடலில் நிற்கும் கப்பலைத் தண்ணீரிலிருந்து பிரிக்க முடியாது. நம் விமானத்தைத் தண்ணீரிலிருந்து பிரிக்க முடியும், பிரித்துவிட்டோம்.

மீதமிருப்பவை: வலது தண்டில் சிறிய அரிப்பு ஒன்று, அடுத்த கோடைக்குள் முடியும். டயர்கள் மேல் பாரம் விழாதபடி தாங்கிகளில் நிறுத்தியிருக்கிறோம். காற்று நுழையும் வாய்களில் வலை அடித்தாயிற்று, பறவைகள் இனி கூடு கட்டாது. தகவல் பலகையில், 1945 டிசம்பர் 3 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் சோதனை விமானி எரிக் பிரவுன் ஓஷன் என்னும் கப்பலின் மேல்தளத்தில் வாம்பயரை இறக்கியதை, விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் ஜெட் எஞ்சினால் மட்டுமே இயங்கும் விமானம் இறங்கிய முதல் நிகழ்வு என்று சேர்த்திருக்கிறோம். மாதம் ஒருமுறை மரத்தின் ஈரத்தை அளந்து குறிக்க இரண்டு பேர் தேவை. அளவு 20 சதவீதத்தைத் தொட்டால் உடனே எங்களுக்குச் சொல்ல வேண்டும். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு